திங்கட்கிழமை திறந்த ஃப்ரிட்ஜ்

வெர்லின் டெட்ரிக் ஐம்பத்திரண்டு வயதுக்குள் எழுதிய ஒரே நல்ல வாக்கியம் ஒரு ஃப்ரிட்ஜைப் பற்றியது. "ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்ததில், ஒரு கடுகு சாஸ் பாட்டிலும், தாளில் சுற்றிய பாதி வெங்காயமும், நாற்றம் போக வைத்திருந்த சோடா உப்பு டப்பாவும் மட்டுமே இருந்தன."

பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடியவர் அவர். பத்தாம் வகுப்போடு பள்ளியும் அவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவர் எழுதியதை டோபின் மாவட்ட நீதிமன்றத்தில், ஜூலை மாதம், கறுப்பு அங்கி போட்ட நீதிபதி அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்து, "அறிக்கைன்னா இப்படி இருக்கணும். கண்ணால பாத்ததை எழுதியிருக்காரு" என்றார்.

வெர்லினுக்குக் காது சிவந்தது. பெருமையில்தான். அந்தப் பெருமையை நினைத்து அவர் பிற்பாடு பட்ட பாடு தனி. ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தால் இரண்டு பிள்ளைகள் இன்னும் மூன்று மாதம் ஊரார் வீட்டில் தூங்க வேண்டியதாயிற்று.

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைப் பக்கத்தில் வெர்லினைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய லாரியைத் தெரியாதவர்கள் இல்லை. நெடுஞ்சாலைத் துறையில் வேலை. குளிர்காலத்தில் பனியை வழித்துத் தள்ளி உப்புத் தூவுவார். மற்ற மாதங்களில் குழிகளில் தார் ஊற்றுவார். அடுத்த குளிர்காலம் அதே குழிகளைத் தோண்டித் திருப்பிக் கொடுக்கும். மனைவி பிரிந்துபோய் ஒன்பது வருடம். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஒரு நாய். அதற்கும் காது மந்தம்.

அப்படி இருக்கையில் சர்ச் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தார். "பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நீதிபதியிடம் பேச ஆள் தேவை. சம்பளம் கிடையாது." பிள்ளைகள்மேல் பொங்கி வந்த கருணையால் அவர் சேர்ந்தார் என்று சொன்னால் அவரே சிரிப்பார். பேச ஆள் தேவை என்று போட்டிருந்தது. அவருக்குப் பேச வேண்டியிருந்தது. அவ்வளவுதான். முப்பது மணி நேரப் பயிற்சிக்கு ஒரு நாள் விடாமல் போனார். பயிற்சியில் டோனட்டும் காப்பியும் இலவசம். கடைசியில் நீதிபதி முன்னால் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார். கழுத்தில் ஓர் அடையாள அட்டை மாட்டினார்கள். படத்தில் ஒரு கண் மூடியிருந்தது.

வேலை இதுதான். பெற்றோர் சரியாகக் கவனிக்கவில்லை, அல்லது அடித்தார்கள் என்று நலத்துறை பிள்ளைகளை எடுத்துப்போய் வளர்ப்பு வீடுகளில் விடுகிறது. அம்மாவுக்கு ஒரு வக்கீல், அரசுக்கு ஒரு வக்கீல், நலத்துறைக்கு ஓர் ஊழியர். எல்லோர் மேசையிலும் நாற்பது ஐம்பது வழக்கு. தன்னார்வலரின் மேசையில் மட்டும் ஒன்றே ஒன்று. அவர் மாதம் ஒரு தடவை பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், அவர்கள் திரும்பிப் போகவேண்டிய வீட்டையும் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதி நீதிபதிக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளைக் காரில் ஏற்றக் கூடாது. பரிசு வாங்கித் தரக் கூடாது. "உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. கூடாதுகள் மட்டும் நான்கு பக்கம். ஆனால் மாதத்தில் எந்தத் தேதியில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த நான்கு பக்கத்திலும் ஒரு வரி இல்லை.

வெர்லினுக்கு எல்லாமே கடைசி நாள்தான். வருமான வரியைக் கடைசி நாள், தபால் நிலையம் கதவு சாத்தும் நேரத்தில், லாரியை ஓடவிட்டபடி போய்ப் போடுவார். கல்யாணத்துக்குக் கேட்டதுகூட அந்தப் பெண் வேறு ஊருக்குப் பஸ் ஏறப்போன அன்றுதான். ஆகவே தன்னார்வலர் அலுவலகத்தில் அவரைப் போன்றவர்களை மேய்க்கிற கான்ஸ்டன்ஸ், மாதாமாதம் இருபத்தேழாம் தேதி போன் அடிப்பாள்.

"வெர்லின், உங்க வருகைக் கட்டம் இன்னும் காலியா இருக்கு."

"போறேன், போறேன். இன்னும் மூணு நாள் இருக்கே."

"பிப்ரவரியிலயும் இதத்தான் சொன்னீங்க. பிப்ரவரிக்கு ஒரே நாள்தான் இருந்துச்சு."

அவருக்குக் கிடைத்த வழக்கு மிஸ்டி கெசிங்கருடையது. வயது முப்பத்தொன்று. முதுகில் அறுவை சிகிச்சை செய்தபோது கொடுத்த வலி மாத்திரையைப் பிடித்துக்கொண்டவள், பிறகு அது அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு பிப்ரவரிக் காலையில் தபால்காரர் வந்தபோது, மூன்றரை வயது டக்கர் பனியில் வெறுங்காலோடு தபால்பெட்டிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே மிஸ்டி சோபாவில், உலுக்கியும் எழவில்லை. அக்கா ரேலின் அப்போது பள்ளிக்கூடத்தில். அன்று சாயங்காலமே இரண்டு பிள்ளைகளும் நாற்பது மைல் தள்ளி ஒரு வளர்ப்பு வீட்டில்.

அதற்கப்புறம் மிஸ்டி மீண்டு வந்தாள். சிகிச்சைக்குப் போனாள், சோதனைக்கு வாரம் தவறாமல் சிறுநீர் கொடுத்தாள், ஒரு மோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை பிடித்தாள், பெற்றோர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினாள். பதினான்கு மாதம் ஒரு மாத்திரை தொடவில்லை. மாதத்தின் இரண்டாம் வாரமும் கடைசி வாரமும் சனி ஞாயிறு பிள்ளைகள் வந்து அவளோடு தங்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்திருந்தது. ஜூலை விசாரணையில் பிள்ளைகள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள் என்று அவளும், அவள் வக்கீலும், பன்னிரண்டு வயது ரேலினும் நினைத்திருந்தார்கள்.

ஜூன் முப்பது, திங்கட்கிழமை, வெர்லின் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே இருந்தது பதினொரு நிமிடம். கட்டில்களைப் பார்த்தார், புகை எச்சரிக்கைக் கருவியை அமுக்கிப் பார்த்தார், ஃப்ரிட்ஜைத் திறந்தார். மிஸ்டி கையில் பாத்திரம் துடைக்கிற துணியோடு பக்கத்தில் நின்றாள்.

"நேத்துதான் வந்து..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் பாதியில் நிறுத்தித் துணியை மடித்தாள். 

வெர்லினும் நேற்று என்ன என்று கேட்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஏப்ரல் கடைசியிலும் மே கடைசியிலும் இதே கதைதான் என்று ஞாபகம் வந்தது. அதையும் சேர்த்து எழுதினார். வாக்கியம் பிரமாதமாக வந்தது.

நலத்துறை ஊழியர் அந்த வருடத்தில் மூன்றாவது ஆள். அவள் வழக்குக் கட்டையே அன்று காலைதான் கையில் வாங்கியிருந்தாள். "தன்னார்வலர் நேர்ல போயிருக்காரு, அவர் சொல்றதோட நாங்களும் ஒத்துப்போறோம்" என்றாள். நீதிபதி, "சாப்பாடு இல்லாத வீட்டுக்குப் பிள்ளைங்கள அனுப்ப என்னால முடியாது. அக்டோபர்ல பாப்போம்" என்றார். மிஸ்டி தலையைக் குனிந்தபடி நின்றாள். ரேலின் மட்டும் திரும்பி, பின்வரிசையில் காது சிவக்க உட்கார்ந்திருந்த வெர்லினைப் பார்த்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து அவர் லேசாகக் கையசைத்தார்.

அந்தக் கையசைப்பு. பிறகு வந்த நாள்களில் லாரி ஓட்டிக்கொண்டே திடீரென்று அது ஞாபகம் வந்து, தனியாக இருக்கும்போதே "ச்சே" என்று சத்தமாகச் சொல்வார்.

*

செப்டம்பர் முப்பதாம் தேதி, ரேலினின் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் அவளைப் பார்த்தார். தட்டில் சதுரமாக வெட்டிய பீட்சா. எதிரே சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்டூலில் மடங்கி உட்கார்ந்த வெர்லின், முட்டி நாடியில் இடிக்கப் பேனாவைத் திறந்தார்.

ரேலினிடம் பேனாவைத் திறப்பது ஆபத்தான காரியம். ஆகஸ்ட் சந்திப்பில், தனக்குச் செவ்வாய்க்கிழமை ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று அவள் முகம் மாறாமல் சொன்னாள். வெர்லின் அதை எழுதிக்கொண்டு போய், வளர்ப்புத் தாயிடம் டாக்டரைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். அந்த அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

"இன்னைக்கும் செவ்வாக்கெழமதான்," என்றார் வெர்லின். "தடிக்கலியே."

"மாத்திரை போட்டுட்டேன்." பீட்சாவின் ஓரத்தைக் கிள்ளினாள். "மிஸ்டர் வெர்லின், ஒரு கேள்வி. உங்க வீட்டு காலண்டர்ல மொத வாரமே கெடையாதா?"

"ஏன்?"

"எப்பப் பாத்தாலும் இருபத்தொம்பது, முப்பதுன்னே வர்றீங்க. மொத வாரத்தை யாராச்சும் கிழிச்சிட்டாங்களான்னு கேட்டேன்."

"அது வந்து... வேலை. ரோட்டு வேலை."

"ஓ. ரோடெல்லாம் மொத வாரத்துலதான் உடையுமோ?"

பக்கத்து மேசையில் ஒரு பையன் களுக்கென்றான். ரேலின் சிரிக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு கவர்மென்ட் குடுக்குற சாப்பாட்டு அட்டையில அஞ்சாந் தேதி காசு விழும்," என்றாள். ஏதோ மக்குப் பயலுக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "ஆறாந் தேதி வந்து தொறந்து பாருங்க. பால் இருக்கும், முட்டை இருக்கும், கோழி இருக்கும். நாங்க அங்க இல்லல்ல, அதனால அட்டையில ஒரு ஆளுக்குத்தான் போடுவாங்க. அம்மாவுக்கு மட்டும். புரியுதா? ஆனா மாசத்துல நாலு நாள் நாங்க ரெண்டு பேரும் அங்கதான் திங்கிறோம். டக்கர் என்னமாத் திம்பான்னு உங்களுக்குத் தெரியாது. ஜூன் கடைசி ஞாயித்துக்கெழம ஏழு பான்கேக் தின்னான். நான் எண்ணுனேன். அம்மாவுக்குப் பசிக்கலன்னு காப்பி குடிச்சாங்க. எப்ப நாங்க போனாலும் அவங்களுக்குப் பசிக்கவே பசிக்காது."

வெர்லின் பேனாவை மூடினார்.

"சாயங்காலம் எங்களக் கொண்டுபோய் விட்டாங்க. நீங்க மக்யா நாள் வந்தீங்க. திங்கக்கெழம." அவள் பீட்சாவைப் பார்த்தே பேசினாள். "வந்து ஃப்ரிட்ஜுல ஒண்ணுமில்லன்னு எழுதிட்டீங்க. இருந்துச்சு. நாங்க தின்னுட்டோம்."

மணி அடித்தது. நூறு நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. அவள் தட்டோடு எழுந்தாள்.

"ரேலின், நீ இதை அப்பவே..."

"யாரு கேட்டா?" என்றாள். "செவ்வாக்கெழம அலர்ஜின்னா மட்டும் ஓடிப்போய் விசாரிக்கிறீங்க."

*

லாரிக்குள் உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினார். ஏப்ரல் முப்பது. மே இருபத்தொன்பது. ஜூன் முப்பது. அவருடைய கையெழுத்துத்தான். வேறு யார்மேலும் பழிபோட வழியில்லை.

தெரியாமல் செய்திருந்தால்கூட மனசுக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். வெர்லினுக்குத் தெரியும். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அட்டை கிடையாது; அரசு கொடுக்கிற உணவுச் சீட்டுப் புத்தகம். அம்மா அவரைத்தான் கடைக்கு அனுப்புவாள். கூடப் படிக்கிறவன் எவனாவது வரிசையில் நின்றால், அவன் போகிறவரை பழ டப்பாக்களின் விலையை மனப்பாடம் செய்கிற மாதிரி நிற்பார். வீட்டில் காலண்டர் மாட்டியிருக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. ரொட்டிக்கு ஊற்றுகிற மாவுக் குழம்பு வெள்ளையாக இருந்தால் மாத முதல் வாரம், பால் இருக்கிறது. சாம்பல் நிறமாக இருந்தால் கடைசி வாரம், தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தால் தேதி சொல்லிவிடுவார். அந்த நாக்கோடுதான் மிஸ்டியின் சமையலறையில் நின்றார். நின்றுகொண்டு, வெளியூரிலிருந்து வந்த கனவான் மாதிரி வெங்காயத்தைப் பாதி என்று எழுதினார்.

அன்றைக்குச் சாலை மேற்பார்வையாளர் ரேடியோவில் மூன்று தடவை கூப்பிட்டார். "பழைய ஆலைப் பாலத்துக்குத் தார் எங்கய்யா?" வெர்லின் பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கான்ஸ்டன்ஸிடம் போய்ச் சொன்னார். முழுதாக அல்ல. "தேதியில ஒரு சின்னக் குழப்பம்" என்று ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி, பாதியில் நிறுத்தினார். கான்ஸ்டன்ஸ் கெட்டிக்காரி. மீதிப் பாதியை அவளே பிடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே," என்றாள். "ஜூலையில என்ன நடந்துச்சுன்னு..."

"தெரியும்."

"டக்கர் மொத மொதலா ஸ்கூலுக்குப் போனானே ஆகஸ்ட்ல. அந்த வளர்ப்பு அம்மாதான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனாங்க. மிஸ்டிக்குப் போட்டோதான் அனுப்புனாங்க."

"தெரியும் கான்ஸ்டன்ஸ்."

கான்ஸ்டன்ஸ் மேசைக் காலண்டரைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "அஞ்சாந் தேதிக்கு அப்புறம் ஒருக்கா போய்ப் பாருங்க. பாத்துட்டு நடந்ததை நடந்தபடி அறிக்கையில எழுதுங்க. நடந்தபடி, வெர்லின்" என்றாள்.

ஆறாம் தேதி போனார். ஃப்ரிட்ஜில் பால் இருந்தது, முட்டை இருந்தது, ஒரு முழுக் கோழி இருந்தது. மிஸ்டி கதவருகே நின்று அவரையே பார்த்தாள். சுவர்க் காலண்டரில் தேதியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.  மன்னிப்புக் கேட்கத்தான் அவரும் போயிருந்தார். "கட்டிலெல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தார். முதலில் எழுதியது உண்மைதான். மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் "நான்" இருந்தது. படிக்கப் படிக்க, நீதிமன்றத்தில் அம்மாள் கண்ணாடியை இறக்கி வாய்விட்டுப் படிக்கிற குரல் கேட்டது. தாளைக் கசக்கினார். அடுத்த தாளில் ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது: "வீட்டில் உணவு இருப்பு கணிசமாக மேம்பட்டுள்ளது."

எவ்வளவு வழவழப்பான வாக்கியம். அதில் பொய் எங்கே என்று தேடினால் அகப்படாது. அதில் வெர்லினும் அகப்பட மாட்டார். பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள், நீதிபதி சந்தோஷப்படுவார், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போடாமல் இருந்து பிறகு திருந்தியவள் என்று ஒரு பெண்ணின் பெயரில் கோப்பில் ஏறும், அவ்வளவுதான். அனுப்பிவிட்டார். அன்றுதான் சமர்ப்பிக்கக் கடைசி நாள். கான்ஸ்டன்ஸ் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான் நேரம் இருந்தது.

*

அக்டோபர் விசாரணை காலை ஒன்பதரைக்கு. டக்கரை வெளியே பெஞ்சில் வளர்ப்புத் தாய் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மிஸ்டி, மோட்டல் சீருடைக்கு மேலே யாரிடமோ இரவல் வாங்கிய கோட். பக்கத்தில் ரேலின். பின்வரிசையில் வெர்லின், கழுத்தில் ஒற்றைக்கண் அட்டை.

நீதிபதி அறிக்கையைப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"மிஸ். கெசிங்கர், இதைப் படிக்க எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு. போன தடவை சாப்பாட்டு விஷயத்துல நான் கண்டிப்பா இருந்தேன். நீங்களும் அதைப் புரிஞ்சிக்கிட்டு மாறியிருக்கீங்க. நிறைய தாய்மாருங்க இதைச் செய்யறதில்ல."

மிஸ்டி எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க ஜட்ஜம்மா," என்றாள். "ரொம்ப நன்றிங்க. இனிமே கவனமா இருப்பேன்."

ரேலின் கண்களை மூடிக்கொண்டாள்.

வெர்லின் எழுந்து நின்றது வீரத்தால் அல்ல. அந்த "நன்றிங்க" என்பதை அவரால் உட்கார்ந்தபடி கேட்க முடியவில்லை. எழுந்தபின்தான், என்ன சொல்லப் போகிறோம் என்று யோசிக்காமல் எழுந்துவிட்டது தெரிந்தது.

"ஜட்ஜம்மா, அது தப்பு."

"என்ன தப்பு, மிஸ்டர் டெட்ரிக்?"

"அவங்க ஒண்ணும் மாறல. அதாவது, மாற ஒண்ணுமில்ல. அவங்க வீட்ல சாப்பாடு இருந்துச்சு. நான் போனப்பதான் இல்ல." மிஸ்டி திரும்பினாள். அவள் கண்ணில் நன்றியெல்லாம் இல்லை. உட்காரய்யா முட்டாள், பிள்ளைகள் கை நழுவிவிடப் போகிறார்கள் என்று அந்தக் கண் கத்தியது. வெர்லினுக்கு அது புரிந்தது. புரிந்தும், வாயைத் திறந்தாகிவிட்டது; இனி மூடினால் இன்னும் கேவலம். "நான் எப்பவும் மாசக் கடைசியிலதான் போவேன். என் சோம்பேறித்தனம். அவங்க அட்டை அஞ்சாந் தேதி வரும். ஒரு ஆளுக்கு. அந்த ஒரு ஆள் சாப்பாட்டுல மூணு பேர் சாப்பிட்டாங்க. பிள்ளைங்க சாப்பிட்டு முடிச்ச மறுநாள் போய் நான் ஃப்ரிட்ஜைத் தொறந்து... அது காலியா இருந்ததுக்குக் காரணமே அவங்க பிள்ளைங்களுக்குப் போட்டதுதான். அவங்க சாப்பிடல. இந்த அறிக்கையிலயும் மேம்பட்டதுன்னு எழுதியிருக்கேன். அதுவும் நான் தப்பிக்கறதுக்காக எழுதினது."

தட்டெழுதுகிற பெண்ணின் விரல்கள் மட்டும் சத்தம் போட்டன. 

அரசு வக்கீல் எழுந்தார். நாற்பத்தெட்டு வழக்குக்காரர். எரிச்சலாக இருந்தார். "அப்படின்னா இவர் எழுதின எதையும் நம்ப முடியாதுன்னு ஆகுது. புது தன்னார்வலரைப் போட்டு, அவர் மூணு மாசம் வீட்டைப் பாத்துட்டு அறிக்கை குடுக்கட்டும். ஜனவரியில பாக்கலாம்."

ஜனவரி. வெர்லின் விரலில் மாதங்களை எண்ணினார். மூன்று மாதம் திருடியது போதாதென்று, நல்லவனாகப் போய் நின்று இன்னொரு மூன்று மாதத்தையும் சேர்த்துத் திருடிக் கொடுத்துவிட்டார். ரேலினின் பக்கம் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அவளுடைய ஷூ மட்டும் தெரிந்தது. ஒரு லேஸ் அவிழ்ந்திருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வாக்கியத்தை இங்க உக்காந்து வாய்விட்டுப் படிச்சது நான்," என்றார். சொல்லிவிட்டு ஜூலை அறிக்கையைக் கோப்பிலிருந்து உருவி மேலே வைத்தார். "மிஸ். கெசிங்கர், இவரை மாத்தணும்னு நீங்க கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. என்ன சொல்றீங்க?"

அவள் வக்கீல் காதில் ஏதோ சொல்லக் குனிந்தார். மிஸ்டி அவர் முகத்துக்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இவரே இருக்கட்டும் ஜட்ஜம்மா," என்றாள். "புதுசா ஒருத்தரப் போட்டீங்கன்னா அவரும் வந்து மொதல்ல என் ஃப்ரிட்ஜத்தான் தொறப்பாரு. இவரு தொறந்து முடிச்சிட்டாரு."

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மூக்கால் சிரித்துவிட்டு, சட்டென்று இருமலாக மாற்றினார். மிஸ்டி சிரிக்கவில்லை. தமாஷுக்குச் சொன்னவள் முகம் இல்லை அது.

நீதிபதி ஜூலை மாதப் பதிவைத் திருத்தச் சொன்னார். திருத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று வெர்லினே அங்கேயே நின்று சொல்ல வேண்டும் என்றார். அதற்கு அவருக்கு நான்கு தடவை பிடித்தது. முதல் மூன்று தடவையும் வாக்கியம் அவரைத் தாண்டிப் போய், "தேதி காரணமாக" என்றும் "சூழ்நிலை காரணமாக" என்றும் ஆரம்பித்தது. தட்டெழுதுகிற பெண் மூன்று தடவையும் அடித்துவிட்டுக் காத்திருந்தாள். நான்காவது தடவை சொன்னார்: "அந்த அம்மா பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார். நான் கேட்காமல் எழுதிவிட்டேன்." அழகான வாக்கியம் என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு மற்றதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிள்ளைகள் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆறு மாதம் நலத்துறை பார்வையில் இருக்கும். மாதாமாதம் வெர்லினும் போக வேண்டும்.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் டக்கர் ஓடிவந்து அம்மாவின் இடுப்பில் மோதினான். மிஸ்டி அவனைத் தூக்கிக்கொண்டாள். முதுகு அறுவை செய்தவள் அப்படித் தூக்கக் கூடாது, தூக்கினாள். ஐந்து வயதுப் பையன் அவள் தோளுக்கு மேலே கால் நீட்டித் தொங்கினான்.

வெர்லின் எதிரே போய் நின்றார். "மிஸ்டி, நான்..."

"ஆகஸ்ட் பதினெட்டு," என்றாள் மிஸ்டி. "இவன் ஸ்கூலுக்குப் போன மொத நாள். நான் அன்னைக்கு பதினாறு ரூம் பெருக்கினேன். போன்ல போட்டோ வந்துச்சு. சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருந்தாங்க." குரலை உயர்த்தவில்லை. விலாசம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். "அதுக்கு நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

 

நீதிமன்ற வாசலுக்கு இரட்டைக் கதவு. வெர்லின் முன்னால் போய் வலது கதவை இழுத்துத் திறந்து, சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். மிஸ்டி இரண்டு கையிலும் பையனை வைத்துக்கொண்டு வந்தாள். வலது கதவைப் பார்த்தாள். இடது கதவைத் தோளால் இடித்துத் திறந்து வெளியே போனாள். ரேலின் ஒரு கணம் நின்றாள். அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மா போன கதவு மூடுவதற்குள் அதிலேயே நுழைந்து போனாள்.

வெர்லின் கதவைப் பிடித்தபடியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கால் சிரித்த அந்தப் போலீஸ்காரர் சிகரெட் பிடிக்க வெளியே வந்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் பாஸ்," என்று சொல்லிக்கொண்டே அந்தக் கதவு வழியாகப் போனார்.